நோயறிந்து வாங்கிய வண்டி

புத்தலவில் ஒரு பலாமரத்தின் கீழ் அந்த வண்டி எட்டு மாதங்களாக நின்றுகொண்டிருந்தது. வெள்ளி நிறம்; தரையோடு தாழ்ந்த உடம்பு; பின்புறத்தில் சிறகு போன்ற ஒரு தகடு. 2001ஆம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர் செடியா. முன்னைய சொந்தக்காரருள் ஒருவர் பந்தயக் காரின் முகப்பை வாங்கிப் பொருத்தியிருந்தமையால், தூரத்திலிருந்து காண்போர்க்கு ஓட்டப் போட்டியொன்றிலே களைத்துத் திரும்பி நிழலில் இளைப்பாறும் வண்டி போலத் தோன்றும். மொனராகலைக்கும் வெல்லவாயவுக்கும் இடையிலுள்ள கராஜ்களில் அதன் நோயை அறியாதவர் இலர். அவனும் அறிந்திருந்தான். அறிந்தே, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதை வாங்கினான்.

அவன் மொனராகலையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்தவன். நகரத்து வன்பொருட் கடையொன்றின் லொறியை எட்டு ஆண்டுகளாக ஓட்டுபவன். பிறர் வண்டியை ஓட்டி, பிறர் வண்டியைக் கழுவி, மாலையில் சாவியைக் கடையின் ஆணியில் மாட்டிவிட்டு நடந்து வீடு திரும்புபவனுக்குத் தனக்கென ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை எழுவதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அவன் தேர்ந்தெடுத்த வண்டியைப் பற்றியதே.

நோய் இன்னதென்று கூறவேண்டும். சாதாரணப் பெற்றோல் இயந்திரத்தில், எரிபொருள் உள்ளிழுக்கும் வால்வின் முன்னே தெளிக்கப்பட்டு, காற்றோடு கலந்து உள்ளே செல்லும். செல்லும் வழியில் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே செல்லும். 1996இல் மிட்சுபிஷி நிறுவனம் கலன்ட் காரில் அறிமுகம் செய்த ஜீடிஐ முறையிலோ, பெற்றோல் ஏறத்தாழ 50 வளிமண்டல அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. குறைந்த எரிபொருளில் நிறைந்த பலன் பெறலாம் என்பது அதன் நோக்கம். சிக்கனமாக ஓடும் வேளையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 40 பங்கு காற்று வரை கலந்து எரிக்க வல்லது என அக்காலத்திற் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் வால்வைக் கழுவுவார் இல்லாது போயிற்று. எண்ணெய் ஆவியும் திரும்பிவரும் புகையும் அதன் முதுகில் அடையடையாகக் கரியைப் படிய வைக்கும். உயர் அழுத்தப் பம்பு தேயத் தொடங்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அந்த முறையின் 1.5 லீற்றர் வடிவமே இந்தச் செடியாவில் இருந்தது. வெல்லவாயவிலுள்ள கராஜ்கார பாஸ் இவ்வளவையும் ஒரே வாக்கியத்திற் சொன்னார்: “மல்லி, இது வெளியில சாப்பிடாம நேரா வயித்துக்குள்ள ஊசி போடுற எஞ்சின், ஊசி பழுதானா நம்ம ஊர்ல வைத்தியர் இல்ல.”

இவ்வாறான வண்டிகளைச் சாதாரண காலத்தில் எவரும் திரும்பிப் பாரார். ஆனால் காலம் சாதாரணமானதன்று. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் இல்லாது போயிற்று. பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. ஒரு லீற்றர் 470 ரூபா வரை ஏறியது. கியூஆர் அட்டைக்கு அளந்து ஊற்றினார்கள். புதிய வண்டி துறைமுகத்தில் இறங்காத நாட்டில் பழைய வண்டி மூப்படைவதில்லை. அதன் விலை இளமையடைகிறது. நோயாளி வண்டிகளும் சந்தையிலே தலை நிமிர்ந்து நின்றன. அவன் கண்ட லான்சரின் விலை, நோயற்ற லான்சரின் விலையில் முக்காற்பங்கு. அந்தக் காற்பங்கு வேறுபாட்டைத் தன் கெட்டித்தனத்தின் இலாபமாகவே அவன் கணக்கிட்டான்.

லான்சர் என்ற பெயரே அவனை ஈர்த்தது என்பதையும் மறைத்தற்கில்லை. கிழக்காபிரிக்க சஃபாரி ஓட்டத்தில் 1974இலும் 1976இலும் ஜோகிந்தர் சிங் என்னும் கென்ய வீரர் வெற்றி பெற்றது லான்சரில். 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக ரலிப் பட்டத்தை டொமி மாக்கினன் வென்றதும் லான்சரில். சிறுவனாயிருந்தபோது தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தைக் காண மாமனின் தோளிலேறிச் சென்றவன் அவன். செம்மண் புழுதியைக் கிழித்துவந்த ஒரு வெள்ளை லான்சரை இன்றும் வருணிப்பான். (அதே திடலில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து எழுவர் உயிரிழந்தனர். அன்றிலிருந்து அந்தக் கதையை அவன் வீட்டிற் சொல்வதில்லை.) மாக்கினன் ஓட்டிய எவலூஷன் வகையின் இயந்திரம் வேறு, பலாமரத்தடியில் நின்ற வண்டியின் இயந்திரம் வேறு, பெயரும் முகமும் மாத்திரமே பொது. இதையும் அவன் அறிவான். அறிந்தும், முகம் கண்டு மயங்கினான்.

பணத்தின் கதை வேறு. அவனுடைய சேமிப்பு போதவில்லை. அவ்வாண்டுதான் அவன் தாய் பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்றார். சேமலாப நிதிப் பணம் கூரைத் தகரத்துக்கும் அடகு மீட்கவும் என ஒதுக்கப்பட்டாயிற்று. எஞ்சியிருந்தது, தோட்டத்தில் ‘சேவைக்காலப் பணம்’ எனப்படும் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்கூலித் தொழிலாளிக்கு ஒரு வருடச் சேவைக்குப் பதினான்கு நாட்சம்பளம். இருபத்தேழு வருடங்களுக்கு 378 நாட்கள். இருள் பிரியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டை கவிழ்த்து, பால் சுமந்து இறங்கிய இருபத்தேழு வருடங்கள் சட்டத்தின் கண்ணில் ஒரு வருடமும் பதின்மூன்று நாட்களுமாகச் சுருங்கி ஒரு காசோலையாக வந்திருந்தன.

மாமன் முச்சக்கர வண்டி வாங்கச் சொன்னார். நியாயமான யோசனை. லயத்து இளைஞன் கடன்பட்டேனும் வாங்குவது அதுதான். அது அன்றன்று சோறு போடும். அவன் மறுத்ததற்குச் சொன்ன காரணம் தொழிற்கணக்கன்று. அவனுடைய தாத்தா, துரையின் கார் வரும் ஓசை கேட்டால் வீதியை விட்டு இறங்கி, குடையை மடக்கி, அது போகும் வரை புல்லில் நிற்பாராம். “அந்த ரோட்டுல ஒரு தடவையாச்சும் நம்ம காரு போகணும்” என்றான். மாமன் சிரித்தார். தாய் சிரிக்கவில்லை.

“அதுக்கு என்ன சீக்குன்னு ஒனக்குத் தெரியும்ல தம்பி?”

“தெரியும்மா.”

“பால் நின்ன மரத்தைக் கண்டா கத்திய எடுத்திருவோம். ஆறப் போட்டாத்தான் திரும்பப் பால் வரும். சிலது வரவே வராது. பாத்துக்க.”

இவ்வளவே அவர் சொன்னது. பட்டை உலர்ந்து பால் நின்ற மரத்தை வெட்டாது ஓய்வில் விடுவது இறப்பர்த் தோட்டத்து வழமை. மரத்துக்குக் கிடைக்கும் அந்த ஓய்வு வெட்டுபவர்க்குக் கிடைப்பதில்லை என்பது வேறு விடயம்.

விற்றவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். பொய் சொல்லவில்லை. வாங்க வருபவர் கேட்குமுன் இயந்திரத்தைச் சூடாக்கி வைப்பதே பழைய வண்டி விற்போர் வழக்கம்; சூடேறிய இயந்திரம் தன் நடுக்கத்தைச் சற்று மறைக்கும். அவரோ குளிர்ந்த வண்டியைக் காலையில் அவன் கையாலேயே இயக்கச் செய்தார். அது இருமியது, ஊசலாடியது, கரும்புகை கக்கியது, பின் ஓடியது. குறைகளை ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொன்னார். அந்த நேர்மையே அவனைக் கவிழ்த்தது என்று கொள்ளலாம். ஏமாற்றுபவரிடம் மனிதன் எச்சரிக்கையாயிருப்பான். உண்மை சொல்பவரிடம் எச்சரிக்கையைக் கழற்றி வைத்துவிடுவான். நோய் இன்னதென்று அவர் சொன்னார். அதைத் தீர்க்க என்ன செலவாகும் என்பதை அவரும் அறியார், அவனும் கேட்கவில்லை. பெயரறிந்த நோய் பாதி தீர்ந்த நோய் என்றே அவனுக்குப் பட்டது. பயன்படுத்திய பொருளன்றி வேறு வாங்கியறியாத குடும்பங்களில் இவ்வெண்ணம் ஆழமானது. தெரியாத குறையினும் தெரிந்த குறை மேல் என்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள்.

முதல் வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. தாத்தா நின்ற வீதியில், தாயை முன்னாசனத்தில் இருத்தி, இரண்டு முறை போய்வந்தான். இரண்டாம் வாரம் தாயின் கண்ணைக் காட்டுவதற்காகப் பதுளை வைத்தியசாலைக்குப் புறப்பட்டான். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர். தாழ்நிலத்து வெக்கையிலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதை. இராவணன் எல்லை நீர்வீழ்ச்சியை அண்மிக்கையில் வண்டி நடுங்கலாயிற்று. காலை எவ்வளவு அழுத்தினும் வேகம் எழவில்லை. பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பியது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய முச்சக்கர வண்டிகள் வரிசையாக அதைக் கடந்து சென்றன. பந்தயக் காரின் முகம் கொண்ட அந்த வண்டி, குரங்குகள் பார்த்திருக்க, வீதியோரத்தில் நின்றுவிட்டது. தாய் அவனை ஒரு சொல்லும் கடியவில்லை. செருப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கி, பதுளை பஸ்ஸை மறித்து ஏறிக்கொண்டார். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது.

பின்னர் பாஸும் அவனும் இரண்டு நாட்கள் காற்றுக்குழாயைக் கழற்றி வால்வுகளிலிருந்து கரியைச் சுரண்டினார்கள். வெளிநாடுகளில் அக்ரூட் கொட்டையின் ஓட்டுத்தூளைக் காற்றோடு பீய்ச்சி இதைச் செய்வார்களாம். வெல்லவாயவில் பழைய ஸ்குரூ டிரைவரும் மண்ணெண்ணெயும். பம்புக்காக இருமுறை இராப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்தான். முதலாவது பம்பு ஒரு மாதம் உழைத்தது. இரண்டாவது இன்னமும் உழைக்கிறது, சமதரையில் மாத்திரம். ஆகவே அவன் மலைப்பயணங்களை ஏற்பதில்லை. புத்தல, கதிர்காமம், சியம்பலாண்டுவ எனத் தாழ்நிலத்துக் கல்யாணங்களில் மணப்பெண் காராக அது போகிறது. மலர்மாலை சூட்டினால் எந்த மணமகளுக்கும் பொருத்தமான வண்டி என்பதை மறுக்க இயலாது.

அவனிடம் ஒரு கொப்பி உண்டு. இடப்பக்கத்தில் தாய்க்குத் திருப்பிக் கொடுத்தவை. வலப்பக்கத்தில் வண்டிக்குச் செலவிட்டவை. இரண்டையும் அவன் ரூபாவில் எழுதுவதில்லை. 2021இல் நிர்ணயமான ஆயிரம் ரூபாக் கூலியை அளவாகக் கொண்டு, நாட்களாகவே எழுதுகிறான். பம்பு, 140 நாள். ரேடியேட்டர், 32 நாள். 2025இன் தொடக்கத்தில் இடப்பக்கக் கூட்டுத்தொகை 96, வலப்பக்கம் 261.

அவ்வாண்டு பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. வரிகளின் சுமையால் புதிய வண்டிகள் எட்டாக் கனியாகவே இருந்தன. பிபிலையிலிருந்து ஓர் இளைஞன் வண்டியைத் தேடி வந்தான். அவன் குறைகளை ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினான். நான்காவது விரலில் யாருடைய குரலில் தான் பேசுகிறான் என்பது நினைவுக்கு வர, நிறுத்தினான்.

“தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் வந்தேன்” என்றான் வந்தவன்.

அவன் உள்ளே சென்று கொப்பியை எடுத்துவந்து வலப்பக்கத்தைத் திறந்து கொடுத்தான். இளைஞன் முழுவதையும் நிதானமாக வாசித்தான். வாசித்து மூடிக் கையிற் கொடுத்துவிட்டு, வண்டியின் பின்புறச் சிறகைத் தடவியவாறே கேட்டான்: “ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க அண்ணே.”