நம் வீட்டு சர்வர்

கீழக்கரை, செப்டம்பர் 7

முற்றத்து அலமாரியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், உள்ளங்கையளவு ராஸ்பெர்ரி பை ஒன்றை வைத்தேன். அதில் பிராசடி என்ற எக்ஸ்எம்பிபி செய்தி சர்வர் ஓடுகிறது. இனி எங்கள் குடும்பத்தில் பதினோரு பேர் எழுதுவதும் பேசுவதும் இந்தப் பெட்டியை நம்பித்தான். எல்லோர் போனிலும் கான்வர்சேஷன்ஸ் செயலி போட்டாயிற்று.

எக்ஸ்எம்பிபி புது வித்தை இல்லை. 1999-இல் ஜாபர் என்ற பெயரில் வந்தது. வாட்ஸ்அப்பே ஈஜாபர்டி என்ற திறந்த மூல சர்வரை எடுத்துத் திருத்தித்தான் வளர்ந்தது. ஆனால் ஜாபரில் எந்த ஊர் சர்வரும் எந்த ஊர் சர்வரோடும் பேசலாம், மின்னஞ்சல் போல. பிராவ் என்ற பெயரில் இதைக் கூட்டுறவாகவே நடத்தும் முயற்சி நம் நாட்டில் நடக்கிறது. நாலு பேர் சேர்ந்து தூர்வாரிக் காக்கும் ஊருணி போல இருக்க வேண்டிய காரியம் இது.

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் நின்றபோது விழுந்த எண்ணம். நான்கு வருடம் கழித்துக் கைகூடியது.

செப்டம்பர் 9

கோலாலம்பூரிலிருக்கும் காக்காவை, என் அண்ணனை, அழைத்தோம். மணி அடிக்கிறது, எடுக்கிறார், குரல் இல்லை.

வீட்டு ஃபைபர் இணைப்பில் நமக்கென்று தனி ஐபி கிடையாது. பல வீடுகளுக்கும் சேர்த்து ஒன்று. அதனால் மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்டில் சுரங்கம் போட்டிருக்கிறேன். எழுத்து அதில் வந்துவிடும். குரலுக்கு இரண்டு போன்களும் நேராகக் கைகோக்கப் பார்க்கும். எட்டாவிட்டால் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க ஒரு டர்ன் சர்வர் வேண்டும். வாடகை சர்வரில் கோடர்ன் நிறுவி, 3478-ஐயும் 49152 முதல் 65535 வரையிலான யுடிபி போர்ட்டுகளையும் திறந்தேன்.

இஷா முடிந்து எட்டு மணிக்கு, அங்கே பத்தரை, மறுபடி அழைத்தோம். உம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அவன் மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்றார்.

செப்டம்பர் 21

ஒரு பிழையைத் தேடி சர்வரின் லாகைத் திறந்தேன். தேடியது கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் தொடர்ந்து மூன்று இரவு 2 மணிக்கு மேல் விழித்திருந்து பேசியிருப்பது தெரிந்தது. யாரென்று இங்கும் எழுத மாட்டேன்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓமெமோ என்ற மறையாக்கப் பூட்டு அவரவர் போனில்தான் திறக்கும். ஆனால் யார், யாரோடு, எத்தனை மணிக்கு என்பது சர்வர் வைத்திருப்பவனுக்குத் தெரிந்துவிடும். கடிதம் ஒட்டியிருந்தாலும் உறை மேல் விலாசம் இருக்கிறதே! அந்த விலாசத்தை எங்கோ இருக்கும் கம்பெனி படிக்கக் கூடாது என்றுதான் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கம்பெனிக்கு நாங்கள் முகம் தெரியாதவர்கள். நானோ மறுநாள் காலை அவரோடு உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிடுகிறவன்.

செப்டம்பர் 24

லாத்தா வீட்டு மச்சான் வந்தார். டீ குடித்து முடித்துவிட்டு, "சர்வர் உங்க கையிலதானே மாப்ள? பிள்ளை ராத்திரி யார்கிட்ட பேசுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"அதெல்லாம் பாக்க முடியாது மச்சான்" என்றேன்.

பொய். இரவே உட்கார்ந்து அதை முடிந்தவரை உண்மையாக்கினேன். பிராசடி லாகில் பிழைகள் மட்டும் விழும்படி வைத்தேன். கோடர்ன் லாகை நிறுத்தினேன். செய்திகளைச் சேமிக்கும் ஒரு வார காலத்தை மூன்று நாளாக்கினேன். அதற்கும் கீழே போனால், போன் அணைந்து கிடப்பவருக்கு வந்த செய்தி தொலைந்துபோகும். ஆளுக்கு அடையாளமே தராத சிம்ப்ளெக்ஸ் செயலியையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் சொந்த சர்வர் வைக்கலாம்.

டிசம்பர் 6

காலையில் யாருக்கும் எதுவும் போகவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலை ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். புதுச் சான்றிதழ் தானாகவே வந்து இறங்கியிருந்தது. பிராசடிக்கு அதை எடுத்துக் கொடுக்க நான் ஏற்பாடு செய்யவில்லை. பத்து நிமிட வேலை. உப்புக்காற்றில் பிளக் முள்ளில் ஏறியிருந்த களிம்பையும் அப்போதே சுரண்டினேன்.

லாத்தா மகள் வந்து பக்கத்தில் நின்றாள். "நாங்க பேசுறதெல்லாம் இதுலயா மாமா இருக்கு?"

"மூணு நாள் இருக்கும். அப்புறம் அழிஞ்சிரும். என்ன எழுதினீங்கன்னு யாராலும் படிக்க முடியாது."

"யாருக்கு எழுதினோம்னு?"

"அது முடியும்" என்றேன்.

பெட்டியின் பச்சை விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.