'டு' வராத இடம்

"ஐ சா ஹிம் டு கிராஸ் த ரோடு."

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் அந்த 'டு'வைச் சுழித்துவிட்டுப் போய்விடுவார். ஏன் சார் என்று கேட்டால், "அது ரூல்ப்பா" என்பார். பாவம், அவருக்கும் அவருடைய ஆசிரியர் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்!

"ஐ சா ஹிம் கிராஸ் த ரோடு" என்பதுதான் சரி. ஆனால் பார்த்தாலே கண்ணை உறுத்துகிறது. 'ஹி' வந்தால் வினையோடு 'எஸ்' சேர், நேற்று நடந்தது என்றால் 'ஈடி' சேர் என்று ஆண்டுக்கணக்காக மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, இப்படி ஒரு மொட்டை வினை தப்பாகத்தானே தெரியும்? சீ, ஹியர், ஃபீல், வாட்ச், நோட்டீஸ் போன்ற புலன் வினைகளுக்குப் பின்னால்தான் இந்த மொட்டை வினை வருகிறது. இலக்கணப் புத்தகங்களில் இதன் பெயர் 'பேர் இன்ஃபினிட்டிவ்'. மொழியியலாளர்கள் சிலர் ஒருபடி மேலே போய் 'நேக்கட் இன்ஃபினிட்டிவ்' என்கிறார்கள். வகுப்பில் சொன்னால் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும்!

இங்கே 'டு' தொலைந்துவிட்டது என்று நினைப்பதே தவறு. பழைய ஆங்கிலத்தில் இந்த எச்சத்துக்கு 'அன்' என்று ஒரு விகுதி இருந்தது, 'டு' தேவைப்படவில்லை. நோக்கம் போன்றவற்றைச் சொல்லும் வேறொரு வடிவத்தோடுதான் 'டு' ஒட்டிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர, 'டு' மற்ற இடங்களிலும் பரவியது. கேன், மஸ்ட், மேக், லெட், பிறகு இந்தப் புலன் வினைகள்... இந்தப் பக்கம் மட்டும் அது முழுதாகக் குடியேறவில்லை.

சரி, ஒரு 'டு'வுக்கு இவ்வளவு பேச்சா? அரை மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"ஐ சா த பாய் டிரவுனிங்." பையன் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தான். யாராவது குதித்துக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது அவன் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

"ஐ சா த பாய் டிரவுன்." பையன் இறந்துவிட்டான்.

'இங்' வந்தால், நடந்துகொண்டிருந்ததில் ஒரு துண்டைப் பார்த்தேன் என்று பொருள். மொட்டை வினை வந்தால், முடிவு வரை பார்த்தேன் என்று பொருள். சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு இது சின்ன வித்தியாசமா?

1981ல் ஜான் பார்வைஸ் என்ற தர்க்கவியலாளர் இந்த வாக்கியங்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மொட்டை வினை வாக்கியம் கண் முன்னே நடந்த காட்சியைச் சொல்கிறது, பார்த்தவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதைச் சொல்வதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ரயிலில் ஒருவர் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவதை ஒரு பாட்டி பார்க்கிறார். அவர் திருடன் என்று பாட்டிக்குத் தெரியாது. அப்படியிருந்தும் "ஷி சா த தீஃப் டேக் த பாக்ஸ்" என்பது உண்மைதான். ஆனால் நடுவில் 'தட்' போட்டு, "ஷி சா தட் த தீஃப் டுக் த பாக்ஸ்" என்றால் கதையே மாறிவிடுகிறது. எடுத்தவன் திருடன் என்பது பாட்டிக்கும் தெரிந்திருந்தது என்றாகிவிடும். அப்புறம் ஏன் சத்தம் போடவில்லை என்று பாட்டியைக் கேட்பார்கள்!

செயப்பாட்டு வினையில் மட்டும் 'டு' திரும்ப வருகிறது. "ஹி வாஸ் சீன் டு கிராஸ் த ரோடு." பார்த்தவர் வாக்கியத்தை விட்டுப் போனதும் 'டு' உள்ளே வருகிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். (வரலாற்றுக் காரணம் அதுவல்ல, ஞாபகத்துக்கு மட்டும்.) இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால், "யார் பார்த்தது?" என்று கேட்டுவிடுவது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், தமிழிலும் இதே கட்டுமானம் உண்டு. "அவர் பாடக் கேட்டிருக்கிறேன்", "அப்பா சொல்லக் கேட்டேன்" என்கிறோமே, அந்தப் 'பாட', 'சொல்ல' எல்லாம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சங்கள்தான். 'கேள்' என்ற வினையோடு இன்றும் இயல்பாக வருகிறது. 'பார்' என்ற வினையோடுதான் வம்பு. "அவன் அடிக்கப் பார்த்தான்" என்றால் அடிக்க முயன்றான் என்று ஆகிவிடுகிறது. அதனால் "அடிப்பதைப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்த 'அடிப்பதை', 'கடப்பதை' என்ற வடிவம் செயல் முடிந்ததா இல்லையா என்று வாயே திறப்பதில்லை. "அவர் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன்" என்று ஒருவர் தமிழில் கொடுத்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர், 'கிராஸ்' என்று எழுதுவதா, 'கிராஸிங்' என்று எழுதுவதா? அகராதியைப் புரட்டிப் பயனில்லை. சாட்சியிடமே போய், அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க வேண்டும்.