சத்தமில்லாத மேளம்

மேளச் சத்தம் எட்டாத வீடு யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் இருந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. கொடியேற்றமா, கல்யாணமா, சாமத்தியச் சடங்கா, எதுவானாலும் தவிலும் நாதஸ்வரமும் வேண்டும். அச்சத்தம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கு அவ்வீட்டாருக்குப் பெருமை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933 - 1975) என்ற ஒருவரின் விரல்களால் தமிழுலகம் முழுவதும் எங்கள் குடாநாட்டைத் திரும்பிப் பார்த்தது. மேளத்தின் சத்தத்தைக் குறைப்பதற்கு ஒருவன் நாட்கணக்கில் உட்கார்ந்து பாடுபடுவான் என்று அக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அப்படிப் பாடுபட்ட ஒருவனைச் சரவணையில் பார்த்தேன். அவன் என் மருமகன்.

தவிலோடு போட்டியாக எங்கள் ஊர்களுக்குள் மேற்கத்தைய ட்ரம் செற் வந்தது பொப்பிசையின் காலத்தில். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் எழுபதுகளில் இலங்கை வானொலியைப் பிடித்து ஆட்டியபோது, ஊருக்கொரு இசைக்குழு முளைத்தது. கோயில் வீதியில் மேடை போட்டு, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சமோ ஜெனறேற்றரோ வைத்து விடிய விடிய நடத்துவார்கள். சிறுவனாகிய எனக்குப் பாடகரை விட, பின்னால் பளபளக்கும் வட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதர்தான் கதாநாயகன். மருமகனுக்கும் அதே வியாதி. கொழும்பில் ஓர் இசைக்குழு கைவிட்ட ஐந்து துண்டுச் செற் ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றி, பண்ணைப் பாலம் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

அயலவர் தொந்தரவு என்ற பேச்சுக்கே சரவணையில் இடமில்லை. பாதி வளவுகளில் ஆட்கள் இல்லை. கூரையில்லாத சுவர்களுக்குள் வடலிகள் வளர்ந்து நிற்கின்றன. உரித்துடையவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இரவில் காற்றும் பனையோலையும் தவிர வேறு சத்தமில்லை. ரொறன்ரோவின் அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் கீழ்வீட்டுக்காரரின் முறைப்பாடு ஒரு பிரச்சினை. அவர்கள் மின்ட்ரம் வாங்கி, காதில் ஹெட்போன் மாட்டி அடிப்பது நியாயம். சரவணையில் ஒருவன் எதற்காகத் தன் மேளத்தை ஊமையாக்க வேண்டும்?

காரணம் என் சின்னம்மா. எண்பது வயதைத் தாண்டியவர். பேரன் முதல் ஓரிரு வருடங்கள் அடித்தபோது அவருக்கு ஒன்றும் இல்லை. "நல்லாத்தான் வெளுக்கிறான்" என்று சிரிப்பார். பிறகு ஞாபகம் மெல்ல மெல்ல விலகத் தொடங்கியது. நேற்றைய பகல் மறந்தது, மகளின் பெயர் சில வேளைகளில் மறந்தது. 1990 மட்டும் மறக்கவில்லை. அந்த வருடம் ஆகஸ்டில், யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையை உடைப்பதற்காக இராணுவம் தீவுகளில் இறங்கியது. கடல்நீரேரிக்கு அக்கரையில் கோட்டையைச் சுற்றி விழுந்த செல்களின் ஓசையை ஏற்கெனவே வாரக்கணக்காகக் கேட்டிருந்த சனம், இப்போது சொந்த முற்றத்திலேயே அதைக் கேட்டது. சின்னம்மா இரண்டு பிள்ளைகளோடும் ஒரு துணி மூட்டையோடும் ஊரை விட்டுப் போனவர். திரும்பி வருவதற்குப் பல வருடங்கள் ஆயின.

பேஸ் ட்ரம் என்பது காதால் கேட்கும் சத்தம் மட்டுமல்ல. நிலத்தாலும் நெஞ்சாலும் கேட்பது. மருமகன் காலால் மிதித்த ஒவ்வொரு மிதியும் அடுத்த அறையில் சின்னம்மாவுக்குத் தூரத்தில் புறப்பட்ட செல்லாக இருந்திருக்கிறது. ஒரு நாள் மாலை கட்டிலுக்குக் கீழே போய் இருந்துகொண்டு, "பிள்ளையள் எங்க? பங்கருக்குள்ள வரச் சொல்லு" என்று என் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கே அவன் குச்சிகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். மூன்று மாதம் தொடவில்லை. செற்றை விற்றுவிடுவது என்று தாய் சொன்னாள்; தலையாட்டினான். அவனுடைய முகத்தைப் பார்த்து அவளே விற்க விடவில்லை.

ட்ரம் தோலின் மேல் போர்வை போட்டால் என்ன, தலையணை திணித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பலமாக அடிக்கும் ட்ரம் செற்றின் ஓசை அடிப்பவரின் காதருகே 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். தொழிலிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவின்படி 85 டெசிபலை நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். போர்வை கூரிய ஓசையை விழுங்கும்; அடியிலுள்ள அதிர்வை விழுங்காது. சின்னம்மாவைத் துரத்தியது அந்த அடியதிர்வுதான். ஆகவே தோலையே எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தான்.

'தோல்' என்று பழக்கத்தில் சொல்கிறோம். 1957இல் றெமோ பெல்லி நிறுவனம் தொடங்கிய காலம் தொட்டு ட்ரம்மின் தோல் பெரும்பாலும் மைலார் என்ற பிளாஸ்ரிக் தாள்தான். அதற்குப் பதிலாகக் காற்றுப் புகும் வலையை இழுத்துக் கட்டினால், தள்ளுவதற்குக் காற்றில்லாமல் சத்தம் அடங்கிவிடும். குச்சியோ தோலில் பட்டதுபோலத் துள்ளும். ஜப்பானிய நிறுவனமான றோலண்ட் 1997இல் வெளியிட்ட ரிடி-10 என்ற மின்ட்ரம்மில் இந்த வலைமுகம் வந்தது. அந்த வலையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இவன் கேட்ட விலை தலைசுற்றியது. ஊர்காவற்றுறையில் யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலை வாங்கி வந்தான். ஒரு மடிப்பு கிழிந்தது. இரண்டாவது மடிப்பை முதல் மடிப்புக்குக் குறுக்கே சரித்து வைத்து, வளையத்துக்குள் இறுக்கினான். நின்றது. நுளம்பைத் தடுக்க வந்த வலை செல்லையும் தடுத்தது என்று நான் சொன்னதற்கு அவன் சிரிக்கவில்லை, வேலையில் இருந்தான்.

சத்தம் போயிற்று. இனி அடியை மின்சாரமாக்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு பித்தளைத் தகட்டின் மேல் வெள்ளைப் பீங்கான் பூசிய சிறு வட்டம், 27 மில்லிமீற்றர் குறுக்களவு. பழைய மேசைத் தொலைபேசிகளிலும் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் ஓசையெழுப்பும் அதே பொருள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதிர வைத்தால் மின்சாரம் தரும். 1880இல் கியூரி சகோதரர்கள் பளிங்குகளில் கண்டறிந்த குணம். அந்தத் தகட்டை ஒரு ஸ்பொஞ்சுக் கூம்பின் அடியில் ஒட்டி, கூம்பின் நுனி வலையின் நடுவை மெல்லத் தொடும்படி ட்ரம்முக்குள் குறுக்குச் சட்டம் போட்டு நிறுத்தினான். கூம்பு அமுங்கி நின்றால் நடுவில் மட்டும் அடி பெரிதாகக் கேட்கும். தொடாமல் நின்றால் ஒன்றுமே கேட்காது. இந்த ஒரு விடயத்திலேயே நான்கு மாலைகள் போயின.

எனக்கு இதிலே பிடித்த இடம் இனிமேல்தான். தகடு தருவது ஒரு சீரான சைகை அல்ல; மேலும் கீழும் துடிக்கும் ஓர் அலை. பலமான அடிக்குப் பத்துப் பதினைந்து வோல்ற்றுக்கு மேலும் பாயும். ஆனால் அவன் வாங்கிய ஆடுயினோ பலகை தாங்குவது ஐந்து வோல்ற்று. ஆகவே ஒரு மெகாஓம் தடையொன்றைக் குறுக்கே போட்டு, ஐந்துக்கு மேல் ஏறவிடாமல் தடுக்கும் சேனர் இருவாயியையும் வைத்துப் பற்றாசு பிடித்தான். பலகை அந்த அலையைப் பூச்சியம் முதல் 1023 வரையான எண்ணாக வாசிக்கிறது. குறித்த அளவுக்குக் கீழே வருவதைப் புறக்கணிக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு சாத்தினாலும் ட்ரம் அடிக்கும். மேலே வந்தால் சில மில்லிசெக்கன் பொறுத்து உச்சத்தைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒரே அடி மூன்று அடியாகக் கேட்கும். அதிக நேரம் மூடினாலோ விரைவான உருட்டலில் பாதி அடிகள் காணாமற்போகும். பிடித்த உச்சம் 1க்கும் 127க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகச் சுருங்கிக் கணினிக்குப் போகிறது. 1983இல் வந்த மிடி என்ற பொது மொழியின் எல்லை அது. அதற்கு வழிகோலிய இருவரான இகுதாரோ ககேஹாஷியும் டேவ் ஸ்மித்தும் முறையே 2017இலும் 2022இலும் மறைந்தார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசட்டும் என்று அவர்கள் இணங்கியிராவிட்டால், சரவணையில் ஒரு பையன் நுளம்பு வலையில் தட்டிக் கணினியில் ட்ரம் கேட்டிருக்க முடியாது.

குச்சி பட்டதற்கும் காதில் ஓசை விழுவதற்கும் இடையே பத்து மில்லிசெக்கனுக்கு மேல் போனால் அடிப்பவனுக்குத் தடக்கும் என்றான். பத்து மில்லிசெக்கனில் ஒலி காற்றில் மூன்றரை மீற்றர் அளவு போகும். மேடையின் மறுகரையில் நிற்கும் ஆள் கேட்கும் தாமதம். கையாலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

இவனுடைய வெற்றியைக் கண்டு, தவிலையும் இப்படி மாற்றலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது என்பது என் அபிப்பிராயம். ட்ரம்மில் அடி எங்கே விழுந்தது, எவ்வளவு பலத்தோடு விழுந்தது என்ற இரண்டும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு சொல்லைப் பேசுகின்றன. இடது பக்கத்தில் பூவரசங்குச்சியோடு தோலின் நெகிழ்வும் பேசுகிறது. அதை 127 படிகளுக்குள் அடைக்கப் பார்ப்பது வீண்வேலை. தவிலில் நடந்த மாற்றம் வேறு: தோல்வார் போய் இரும்பு வளையமும் நட்டும் வந்தன, அதனால் இழுவை கூடியது, சத்தமும் கூடியது. எங்கள் மேளங்கள் எப்போதும் சத்தம் கூடும் திசையிலேயே போயிருக்கின்றன.

கோயில்களில் இன்னொரு விசித்திரம். மோட்டர் ஒன்று சுழல, அதன் தண்டிலுள்ள நெம்புகள் மணியையும் சேமக்கலத்தையும் முரசையும் தட்டும் பெட்டி பல கோயில்களில் பூசை நேரத்தில் ஓடுகிறது. அங்கே தோலும் உலோகமும் நிஜம், கை பொய். தவிற்காரருக்குக் கொடுக்கக் காசில்லை என்கிறார்கள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் காசிருக்கிறது. இலங்கையில் ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் 1996இலேயே வந்துவிட்டன. இரவு பத்து மணிக்குப் பின் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்று 2007இல் உயர் நீதிமன்றமும் சொன்னது. இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

மின்ட்ரம்மின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஹை-ஹற் இன்னும் சரிவரவில்லை; பாதி திறந்த நிலையை அவனுடைய பலகை உணருவதில்லை. சிம்பலுக்கு மோட்டார் வாகனத்தின் றப்பர் விரிப்பை வெட்டி ஒட்டியிருக்கிறான்; அதன் துள்ளல் செத்த துள்ளல். மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது ஞாபகமிருக்கும். அதற்கு முந்திய தலைமுறையாகிய நாங்கள், 1990இன் பின்னர் மின்சாரமும் இல்லாமல் பற்றரிக்கும் தடை விழுந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டவர்கள். ஒருவர் சுற்றினால்தான் மற்றவர் செய்தி கேட்கலாம். இதைச் சொன்னபோது மருமகன், "மாமா, அப்ப நீங்கள் சுத்துங்கோ, நான் அடிக்கிறன்" என்றான்.

காலால் மிதிக்கும் பேஸ் ட்ரம்மை அவன் கடைசியாகத்தான் மாற்றினான். வலை கட்டிய பிறகும் மிதிகட்டையின் 'தொம்' நிலத்தில் கொஞ்சம் மிஞ்சியது. வெட்டிய ரெனிஸ் பந்துகளின் மேல் பலகை வைத்து அதன்மேல் செற்றை ஏற்றினான். பிறகு சின்னம்மாவின் கட்டிலில் தாய் படுத்துக்கொண்டு, சுவரிலும் நிலத்திலும் கைவைத்துப் பார்த்து, "இல்லை, வரேல்லை" என்று குரல் கொடுத்தாள். அந்தச் சோதனை இரண்டு முறை நடந்தது.

நான் போன மாலையில் சின்னம்மா வாசிப்பவனின் அறைக்குள்ளேயே கதிரையில் இருந்தார். அவன் ஹெட்போனோடு வேர்த்து விறுவிறுத்து அடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குக் கேட்டதெல்லாம் வலையில் குச்சி படும் 'தக தக' மட்டும், சுளகில் அரிசி புடைப்பதுபோல. "என்னடா செய்யிறாய்?" என்று கேட்டார். அவன் ஹெட்போனைக் கழற்றி அவருடைய காதில் வைக்கப் போனான். தங்கை கையைப் பிடித்துத் தடுத்தாள். அவன் ஒலியை மிகக் குறைத்து, பேஸை முழுவதும் நிறுத்தி, சிம்பலை மட்டும் மெல்லத் தட்டிக் காட்டினான். சின்னம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "சேமக்கலம்" என்றார்.

பழைய மைலார் முகங்களைக் கடதாசியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்திருக்கிறான். கோயில் திருவிழாவின் கடைசி இரவு இசைக்குழுவில் வாசிக்க வேண்டும்; அதற்கு முதல்நாள் வலையைக் கழற்றி அவற்றைப் பூட்டுவான். அந்த இரண்டு நாட்களும் சின்னம்மாவை யாழ்ப்பாணம் பட்டணத்தில் மூத்த மகனின் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.