'நாய்தானே!' என்றது சட்டம்... ஃபின்னுக்காகப் போராடிய போலீஸ்காரர்

2023 ஜூலையில் இங்கிலாந்தில் ஃபின் என்ற முன்னாள் போலீஸ் நாய் இறந்தது. வயது 14. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கு அது நிறைந்த ஆயுள்தான். நாயை 'அது' என்பது நம் வழக்கம். வீட்டில் வளர்ப்பவர்கள் மட்டும் 'அவன்', 'அவள்' என்பார்கள். டேவ் வார்டெல் என்ற போலீஸ்காரருக்கு ஃபின் எப்போதும் 'அவன்'தான்.

பிரிட்டனில் போலீஸ் நாய்கள் பெரும்பாலும் தங்களைக் கையாளும் காவலரின் வீட்டிலேயே வளர்கின்றன. டூட்டி முடிந்து காவலர் வீட்டுக்குப் போனால் நாயும் கூடவே போகும். ராத்திரி ரோந்தில் வண்டியின் பின்பக்கம் அதன் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இருட்டில், எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாத இடத்தில், முதலில் போவது நாய்தான். குட்டியாக டேவிடம் வந்த ஃபின், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் காவல்துறையில் பல ஆண்டுகள் இப்படித்தான் அவருக்கு முன்னால் ஓடினான்.

2016 அக்டோபர் 5. விடிய வெகுநேரம் இருந்தது. ஸ்டீவனேஜ் நகரில், டாக்ஸி டிரைவரிடம் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பையனை இருவரும் துரத்தினார்கள். அவனுக்கு வயது 16. வேலி ஏறித் தப்பப் பார்த்தவனின் காலை ஃபின் கவ்விப் பிடித்தான். அந்தப் பையன் நீளமான வேட்டைக் கத்தியை ஃபின்னின் மார்பில் செருகிவிட்டான். அடுத்த வீச்சு டேவை நோக்கி வந்தபோது ஃபின் குறுக்கே பாய்ந்தான். அவன் தலையில் வெட்டு விழுந்தது. டேவுக்குக் கையில் காயம். அவ்வளவு ரத்தத்திலும் ஃபின் பிடியை விடவில்லை.

கத்தி நுரையீரல் வரை இறங்கியிருந்தது. மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்ததே அதிசயம்; அந்த டிசம்பரிலேயே மறுபடி வேலைக்கும் வந்துவிட்டான். மறு வருடம் ஓய்வு பெற்று, டேவின் வீட்டிலேயே செல்லப் பிள்ளையாகத் தங்கிவிட்டான்.

டேவை உலுக்கியது கத்தி மட்டும் அல்ல. அவர் கைக் காயத்துக்குத் தாக்குதல் வழக்கு போட்டார்கள். சாவின் விளிம்புக்குப் போய்வந்த ஃபின்னுக்கு? சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு! யாரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் போடுகிற அதே வழக்கு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால், 'என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் குத்தினேன்' என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமிருந்தது. கடைசியில் அந்தப் பையனுக்குச் சிறார் காவலில் 8 மாதம் கிடைத்தது. ஃபின்னைக் குத்தியதற்கென்று தனியாக ஒரு நாள் தண்டனைகூட இல்லை.

தன் உயிரைக் காத்தவனை மேஜை நாற்காலியோடு சேர்த்துக் கணக்கு எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்? டேவ் கிளம்பினார். கோரிக்கை மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆலிவர் ஹீல்ட் என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார். 2018-ல் ஃபின்னுக்கு பி.டி.எஸ்.ஏ. அமைப்பின் தங்கப் பதக்கம். 2019-ல் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' மேடையில் இருவரும் ஏறினார்கள். கறார் நடுவர் சைமன் கவலின் கண்கள்கூடக் கலங்கின. அதே ஆண்டு ஜூனில், போலீஸ் நாய்களையும் குதிரைகளையும் தாக்குபவர்கள் தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாதபடி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊர் அதற்கு வைத்த பெயர் 'ஃபின்ஸ் லா'. விலங்குகளை வதைப்பதற்கான அதிகபட்சத் தண்டனையும் 2021-ல் 6 மாதத்திலிருந்து 5 ஆண்டுகளாக உயர்ந்தது.

அதற்கெல்லாம் பிறகுதான் ஃபின் போனான். கத்திக் குத்துக்குப் பின் ஆறே முக்கால் ஆண்டு கூடுதலாகக் கிடைத்ததே என்று வெளியில் இருப்பவர்கள் ஆறுதல் சொல்லலாம். கூடவே வாழ்ந்தவருக்கு அந்தக் கணக்கு உதவாது. மனிதர் இறந்தால் துக்கம் கேட்க ஊர் திரண்டு வரும். நாய் இறந்தால் மறுநாளே, 'வேறொன்று வாங்கிக்கோயேன்' என்பார்கள். டேவ் இழந்தது வேலையில் கூட ஓடிய கூட்டாளியை, வீட்டில் வளைய வந்த பிள்ளையை. இரண்டும் ஒரே நாளில் போயின.

ஃபின்னின் மறைவுச் செய்தி வந்தபோது, அவனை ஒருநாளும் நேரில் பார்க்காதவர்களும் அழுதார்கள். டேவின் துக்கத்தை 'நாய்தானே' என்று தள்ள அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.