355 கிலோமீட்டர்

13 பிப்ரவரி 2023, திங்கள், சென்னை

பெட்டி கட்டியாயிற்று. நாளை காலை யாழ்ப்பாணம்.

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாதை இதைவிட நீளம். ஆனால் 2011-இல் அம்மா தவறிய செய்தி வந்தபோது இந்த 355 என் கணக்கிலேயே வரவில்லை. அன்று நேர் விமானம் கிடையாது. கொழும்புக்குத்தான் பறக்க வேண்டும். சுமார் 650 கிலோமீட்டர் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கி, வேன் பிடித்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே ஏறினேன். வீட்டைத் தாண்டிப் போய், வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

14 பிப்ரவரி, செவ்வாய், யாழ்ப்பாணம்

ஏடிஆர் 72 சின்ன விமானம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கடல் மறைப்பில்லாமல் தெரிந்தது. சுழலும் விசிறியைப் பார்த்தபடி வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். சோழமண்டலக் கரை கொஞ்ச தூரம் கூடவே வந்து, மெல்ல விலகியது. கோடியக்கரையிலிருந்து பலாலிக்கு 60 கிலோமீட்டர்தான். அந்தக் கடலைக் கடக்கச் சில நிமிடம். பிறகு பனைகள், சிவந்த தோட்டத்து மண். புறப்பட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டது.

கைக்கடிகாரத்தைத் திருத்தவில்லை. 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது. இப்போது இரண்டு கரைக்கும் ஒரே மணி.

அக்கா படலையிலேயே நின்றாள்.

"வந்திட்டியே தம்பி? நீ பிளேன் ஏறிறன் எண்டு சொன்னாப் பிறகுதான் மீன்காரனை மறிச்சனான். குழம்பு இன்னும் கொதிக்குது."

சட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். புளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்த அந்த ஆவியில் கண் கரித்தது. மூடியை அவள் மூடிய பிறகும் கரிப்பு அடங்கவில்லை.

15 பிப்ரவரி, புதன், யாழ்ப்பாணம்

அப்பா காலத்தில் போட் மெயில் இருந்தது. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. வானிலும் ஒரு வழி இருந்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தையே இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. பிறகு அந்த வழியும் நின்றது, யுத்தம் வந்தது. 2019 நவம்பரில் சென்னை விமானம் மறுபடி இங்கே இறங்கியது. சில மாதத்தில் கொரோனா நிறுத்தியது. போன டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

இத்தனை காலமும் இரு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. வழி திறந்தால் ஒன்றேகால் மணி, அடைத்தால் ஒரு நாள். ஊருக்கு ஊர் உள்ள தூரத்தை வழிதான் தீர்மானிக்கிறது. வழியைத் திறந்து வைத்திருப்பது மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் என்று இன்று மனதார நினைக்கிறேன்.

இரவு அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அக்கா கேட்டாள்: "திவசத்துக்கு வருவியே? முதல் நாளே வந்திடு."

"விமானம் உள்ள நாளாக இருந்தால் அன்று காலையிலேயே வரலாம் அக்கா. படைக்கிற நேரத்துக்கு வந்து நிற்பேன்."

இந்த முறை அந்த வார்த்தையை நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது.