ஜீப்பில் கண்ட கீறல்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் பஜ்ருத் தொழுகை முடித்து வெளியே வந்தால், தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுவதைக் காணலாம். அவற்றுள் ஒன்று நம்முடையது.

2019 செப்டம்பரில் அதன் ஸ்டீரிங்கில் ஒரு குறை தோன்றிற்று. வளைவில் திருப்பும்போது அடியில் 'டக்'கென ஓர் ஓசை; சக்கரம் திரும்புமுன் கையில் ஒரு வெற்றாட்டம். ஓட்டுநர் வந்து சொன்னார். "போல்ட்டை முறுக்கிவிடுங்கள் தம்பி" என்று கூறிவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஆழ்ந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்படியே மூன்று வாரம் ஓடிற்று.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பட்டறைக்குச் சென்றோம். மேஸ்திரி வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக ஆட்டச் சொன்னார். சற்று நேரத்தில், "பாய், நீங்களே வந்து பாருங்கள்" என்றழைத்தார். ஸ்டீரிங் பாக்ஸின் உள்ளே பற்கள் அசையவேண்டும். அதன் கை அசைந்து சக்கரத்தைத் திருப்பவேண்டும். பாக்ஸ் மட்டும் சேஸிஸை இறுகப் பற்றி நிற்கவேண்டும். நம் ஜீப்பில் பாக்ஸே மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

பாக்ஸைக் கழற்றி இறக்கினார். சேஸிஸின் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்தபின் சாக்பீஸ் தூளைப் பூசினார். விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்தூளில் மயிரிழை போன்ற கோடொன்றை வரைந்தது. போல்ட் துளையில் தொடங்கி மூன்று விரற்கடை நீளம்! அருகே ஒரு பழைய வெல்டிங் தழும்பு. நாம் வாங்குமுன் யாரோ மேலோடு பற்றவைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தழும்பின் ஓரத்திலேயே இரும்பு மறுபடி பிளந்திருந்தது.

வண்டியின்மீது பழி போடுவதற்கில்லை. 1945-இல் 'மஹீந்திரா அண்ட் முஹம்மது' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் ஜீப் அது. அந்த முஹம்மது, மாலிக் குலாம் முஹம்மது, பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948-இல் நிறுவனத்தின் பெயர் மாறிற்று. பட்டறையில் இக்கதையைச் சொல்வது நம் வழக்கம். அன்று வாய் வரவில்லை. நல்ல இரும்பின்மீது அளவுக்கு மிஞ்சி ஆளேற்றியவர்கள் நாமே.

"மேலே ஒரு பற்று வைத்தால் மாலைக்குள் முடிந்துவிடாதா?" என்று கேட்டோம்.

"முடியும் பாய். போன தடவையும் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள்" என்றார் மேஸ்திரி.

ஜும்ஆவில் மனம் நிலைகொள்ளவில்லை. அவ்வண்டியில் தினமும் பதினான்கு பெண்கள் ஏறுகிறார்கள். ஒருத்தியும் குனிந்து சேஸிஸைப் பார்ப்பதில்லை. 'பாய் வண்டி' என்பதை நம்பி ஏறுகிறார்கள். அமானிதம் என்றால் நம்மிடம் கொடுத்துவைக்கும் நகையும் பணமும் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். தொழுகை முடிந்ததும் பட்டறைக்குத் திரும்பி, எத்தனை நாளானாலும் சரியாகச் செய்யுங்கள் என்றோம்.

மூன்று நாளாயிற்று. கீறல் மேலும் ஓடாதிருக்க அதன் நுனியில் சிறு துளையிட்டார். பழைய வெல்டிங்கைத் தேய்த்தெடுத்து, கீறலை ஆழக் குடைந்து அடிவரை பற்றவைத்து, தண்ணீர் ஊற்றாமல் தானே ஆறவிட்டார். மேலே வைத்த தகட்டைச் சதுரமாக வெட்டாமல், மீன்போல முனை குறுக வெட்டினார்; சேஸிஸுக்குக் குறுக்கே நேராக ஓடும் பற்று அவ்விடத்தையே நலிவாக்கிவிடுமாம். சேஸிஸின் இரு சுவர்களுக்கிடையே குழாய்த் துண்டுகளைச் செருகி, அவற்றினூடே போல்ட்டுகளைச் செலுத்தினார். குழாய் இல்லாவிடில் முறுக்க முறுக்கச் சுவர் உள்ளொடுங்கி, போல்ட் மீண்டும் தளரும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை.

திங்கள் மாலை வெற்று வண்டியை மெட்டுவரை ஓட்டிப் பார்த்தோம். ஓசையில்லை, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் விடியலில் எட்டுப் பேருக்குமேல் ஏறவேண்டாமென்று கூறி, மற்றவர்களுக்கு வேறு வண்டி பேசினோம்.

"இத்தனை நாளாக இடம் இருந்ததே பாய்?" என்று கேட்டாள் ஒருத்தி.