விட்டுவிட்ட இரண்டு டைக்குகள்

ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையில் ஏழு டைக்குகளைத் துளையிட்டேன். நான் வெளியிட்ட கட்டுரையில் ஐந்தின் காந்த அளவீடுகள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டையும் தெரிந்தேதான் விட்டேன். பதினைந்து ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

ராணிகஞ்ச் இருக்கும் தாமோதர் பள்ளத்தாக்கு ஒரு பழைய பிளவுப் படுகை. நிலம் விரிந்து இறங்கிய பள்ளத்தில் மணலும் நிலக்கரியும் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. வெகுகாலம் கழித்து அந்த அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு பாறைக்குழம்பு ஏறி, சுவர்போல உறைந்து டைக்குகளானது. அது தொட்ட நிலக்கரி வெந்து இறுகிவிட்டது. சுரங்கத்தில் அதை 'ஜாமா' என்பார்கள். எப்போது ஏறியது என்பதுதான் என் கேள்வி. ராஜ்மகால் எரிமலைப் பாறைகளின் காலமா, அதாவது சுமார் 11.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பா? இல்லை, தக்காணப் பாறைகள் கொட்டிய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பா?

டைக்குகளின் பாறையான டோலரைட் ஆறும்போது, 580 டிகிரிக்குக் கீழே வந்ததும், அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இந்தியா அந்த இரு காலங்களிலும் தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது. ராஜ்மகால் பாறைகளின் காந்தம் வடமேற்கு நோக்கி, ஏறக்குறைய 65 டிகிரி மேல்நோக்கி நிற்கிறது. இன்னொன்று, 12.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை புவிக்காந்தம் தலைகீழாகாமல் ஒரே நிலையில் நின்றது. ஆகவே தலைகீழ்க் காந்தம் காட்டும் டைக் ராஜ்மகால் காலத்தது ஆகாது. தக்காணப் பாறைகளில் பெரும்பகுதியோ தலைகீழ்க் காலத்தில் கொட்டியவை.

என்னுடைய டைக்குகளில் ஐந்தின் காந்தம் வடமேற்கில் மேல்நோக்கியது. இரண்டின் காந்தம் தென்கிழக்கில் கீழ்நோக்கியது. சாய்வு நாற்பது டிகிரியை ஒட்டி. எனக்கு ஒரே காலம் வேண்டியிருந்தது. முழுப் படுகைக்கும் ஒரே விடை சொல்லும் கட்டுரை என்று மனதில் எழுதி முடித்த பிறகுதான் அளக்கவே உட்கார்ந்தேன். ராணிகஞ்சில் இன்றைய புவிக்காந்தமும் கீழ்நோக்கித்தான் சாய்கிறது, அதுவும் நாற்பதுக்குப் பக்கத்தில். அதைப் பிடித்துக்கொண்டு, "இன்றைய காந்தம் படிந்தவை" என்று எழுதி இரண்டையும் கழித்தேன்.

இன்றைய காந்தம் வடக்கு நோக்கும். என் கற்கள் தென்கிழக்கு நோக்கின. சாய்வை எழுதினேன், திசையை எழுதவில்லை. பிற்காலத்தில் படிந்த காந்தமாக இருந்தால் பெரும்பாலும் முந்நூறு டிகிரிக்குள் கலைந்திருக்கும். 550 டிகிரி வரை சூடேற்றியும் இந்தத் திசை அசையவில்லை. அந்த வரைபடத்தை நானே வரைந்தேன், நானே வெளியிடாமல் உள்ளே வைத்தேன்.

சந்தேகத்தைத் தீர்க்க வழி இருந்தது. டைக்கின் ஓரத்தில் வெந்த மணற்கல்லையும், தள்ளி வேகாத மணற்கல்லையும் அளக்க வேண்டும். வெந்தது டைக்கின் திசையையே காட்டி, வேகாதது வேறு காட்டினால், அந்தக் காந்தம் டைக் ஆறிய நாளிலேயே பதிந்தது. முதல்முறை போனபோது துளைக்கருவிக்கு ஊற்றத் தண்ணீர் தீர்ந்து, இருட்டிவிட்டது. மறுபடி போக வாய்ப்பு இருந்தும் போகவில்லை. போனால் என்ன தெரியவரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதே படுகையிலுள்ள சால்மா டைக்கின் வயது ஆர்கான் முறையில் சுமார் 6.5 கோடி ஆண்டுகள் என்று ஏற்கெனவே வெளிவந்திருந்தது. அதையும் ஒரே வரியில் தாண்டிப்போனேன்.

என் கட்டுரையை நம்பி ஓர் இளம் ஆய்வாளர் அதே இடத்தின் எட்டாவது டைக்கை அளந்து, தலைகீழாக வந்ததால் தன் கருவியில்தான் கோளாறு என்று எண்ணி எனக்கு எழுதியிருந்தார். கருவியைச் சரிபார்க்கச் சொன்னேன். இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சூடேற்றிய கல் தன் காந்தத்தை இழந்துவிடும். அதைத் திரும்ப அளக்க முடியாது. சூடேற்றாத ஆறு துண்டுகள் மட்டும் ஒரு தகரப் பெட்டியில், மேலே அம்புக்குறியோடு, என்னிடம் இருந்தன. போன மாதம் அவற்றை அந்த ஆய்வாளருக்கே அனுப்பினேன், உள்ளே வைத்த வரைபடத்தையும் சேர்த்து. இதழுக்குத் திருத்தமும் எழுதிவிட்டேன். வெந்த மணற்கல் எடுக்க நேரில் போனேன். இரண்டில் ஒரு டைக்கைச் சாலை ஜல்லிக்காக வெட்டித் தீர்த்திருந்தார்கள். குழியில் பச்சைத் தண்ணீர். இன்னொன்றின் ஓரத்தில் ஒன்பது துளைகள் போட்டேன்.